ஆச்சி செருப்பு மிதந்து வந்ததை மகள் ஏன் எழுதவில்லை?

சேரன்மகாதேவி பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கும் கடிதத்தின் சுருக்கம்:

“பீடி சுற்றுகிறேன். எட்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். மகள் ஐந்தாம் வகுப்பு. வீட்டில் வாய் ஓயாமல் பேசுவாள். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது ஸ்ரீவைகுண்டம் பக்கம் என் அம்மா வீட்டில் இருந்தாள். ‘தண்ணி வாசப்படி ஏறும்போது சத்தமே கேக்கல, ஆச்சி செருப்பு மட்டும் மிதந்து உள்ள வந்துச்சு’ என்று இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்வாள். ஆனால் பள்ளிக்கூடத்தில் ‘மழை’ என்ற தலைப்பில் எழுதச் சொன்னால், ‘மழை வானத்திலிருந்து பெய்கிறது. மழை நமக்கு நன்மை தருகிறது. மழை பெய்தால் மகிழ்ச்சியாக இருக்கும்’ என்று மூன்று வரியோடு நிறுத்திவிட்டாள். ஒரு தடவை ‘ஆச்சி வைதாவ’ என்று எழுதியதைச் சிவப்பு மையில் அடித்து, ‘பேச்சு வழக்கு கூடாது’ என்று எழுதியிருந்தார்கள். எழுத்துப்பிழையும் நிறைய. கட்டுரைப் புத்தகம் வாங்கி மனப்பாடம் செய்ய வைத்தேன். மார்க் வந்தது. தலைப்பை மாற்றிவிட்டால் பேந்தப் பேந்த விழிக்கிறாள். அவளுக்குக் கற்பனை கிடையாதோ? டியூஷன் சேர்க்கவா? அடுத்த மாதம் கதை எழுதும் போட்டி ஒன்று இருக்கிறது. நாலு கதையை மனப்பாடம் செய்ய வைத்து அனுப்பலாமா? அதிகம் படிக்காத நான் இவளுக்கு என்ன சொல்லிக்கொடுக்க முடியும்?”

அன்புள்ள சகோதரி,

டியூஷன் வேண்டாம். கற்பனை இல்லையோ என்ற பயமும் வேண்டாம். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது, உங்கள் மகள் வாயிலிருந்து வந்த அந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைப் பெரியவர்கள் நாம் சென்டிமீட்டரில் நினைவு வைத்திருக்கிறோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் என்று அன்றைக்குப் பேசாதவர் கிடையாது. உங்கள் மகள் செருப்பில் நினைவு வைத்திருக்கிறாள். தண்ணீர் சத்தமில்லாமல் வந்தது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வீட்டுக்குள் முதலில் எது நகர்ந்தது என்று பார்த்திருக்கிறாள். வருணித்து எழுதுவது என்று வகுப்பில் நாங்கள் சொல்லிக்கொடுக்கப் பாடுபடுவது இதைத்தான். அவளிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. தான் கண்டது எழுதத் தகுந்தது என்ற நம்பிக்கைதான் இல்லை.

அந்த நம்பிக்கை எங்கே போயிற்று என்று பார்க்கத் தூரம் போக வேண்டியதில்லை. நீங்கள் வாங்கிக்கொடுத்த கட்டுரைப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். மழை என்றால் நன்மை. ஆறு என்றால் நாட்டின் உயிர்நாடி. திருவிழா என்றால் மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். முன்னுரை, முடிவுரை, நடுவில் உட்தலைப்புகள். இதை நாலு தடவை மனப்பாடம் செய்த பிள்ளை என்ன முடிவுக்கு வரும்? எழுத்தில் வருகிற மழை வேறு, தன் ஆச்சி வீட்டுக்குள் வந்த மழை வேறு, முதலாவதுக்குத்தான் மார்க் உண்டு என்ற முடிவுக்குத்தான் வரும். வெள்ளத்தைக் கண்ணால் கண்ட குழந்தை ‘மழை பெய்தால் மகிழ்ச்சியாக இருக்கும்’ என்று எழுதியிருக்கிறாளே, அவள் யோசிக்காமல் எழுதவில்லை. பெரியவர்கள் எதை எதிர்பார்க்கிறார்கள் என்று நன்றாக யோசித்துத்தான் எழுதியிருக்கிறாள். எனக்கு வருத்தம் தருவது அதுதான்.

பெற்றோர் அவ்வளவாகக் கவனிக்காத இன்னொரு காரணமும் உண்டு. பத்து வயதுப் பிள்ளையின் கை, அதன் நாக்கின் வேகத்துக்கு ஓடாது. ‘செருப்பு’ என்று சொல்ல ஒரு நொடி போதும். எழுதும்போது கொம்பை முன்னால் போட வேண்டும், சின்ன ‘ர’வா பெரிய ‘ற’வா என்று யோசிக்க வேண்டும், ‘ப்’புக்குப் புள்ளி வைக்க வேண்டும், வரி கோணாமல் பார்க்க வேண்டும். இதற்குள் சொல்ல வந்த வாக்கியத்தில் பாதி மறந்து போகும். அதனால் பிள்ளை தானாகவே வாக்கியத்தைச் சுருக்கிக்கொள்ளும், பிழை வராத சொல்லாகப் பொறுக்கிக்கொள்ளும். மூன்று வரியோடு நின்றுவிட்டால் அவளுக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். கை அசந்திருக்கும்.

அதனால் முதலில் பேனாவை எடுத்து வைத்துவிடுங்கள். பேச்சிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு நீங்கள்தான் சரியான ஆள்.

அதிகம் படிக்காத நான் என்ன செய்ய முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். சுளகை மடியில் வைத்து இலையைச் சுருட்டும்போது கை வேலையில் இருக்கும், காது சும்மாதானே இருக்கும்? அந்த நேரத்தில் அவளைப் பேச விடுங்கள். (கொஞ்சம் தள்ளி, தூள் நெடி படாத இடத்தில் உட்காரட்டும். நூல் கட்டித் தரக்கூட அவளைக் கூப்பிடாதீர்கள்.) கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர்கள். புலவர் ஒரு வரியைச் சொல்லி நிறுத்தியதும் பின்னால் இருப்பவர்கள் ‘ஆமா’ போடுவார்கள். அந்த ஆமா விழுந்தால்தான் அடுத்த வரிக்கு வேகம் பிடிக்கும். கதை சொல்கிற பிள்ளைக்கும் ஆமா போட ஓர் ஆள் வேண்டும். அதற்கு எட்டாம் வகுப்பு தாராளம்.

எந்தக் கேள்வி கேட்கிறோம் என்பது முக்கியம். ‘எப்படி இருந்துச்சு?’ என்று கேட்டால் ‘நல்லா இருந்துச்சு’ என்றுதான் பதில் வரும். பேச்சு அதோடு முடிந்துவிடும். ‘பயந்தியா?’ என்றால் ஆமாம் அல்லது இல்லை. இடத்தையும் ஆளையும் பொருளையும் கேளுங்கள். அந்த வெள்ள இரவைப் பற்றி அவளே பேச்சை எடுக்கும்போது உங்கள் பேச்சு எப்படிப் போகலாம் என்று எழுதிப் பார்த்தேன்.

‘நீ அப்ப எங்கன நின்ன?’

‘கட்டில் மேல.’

‘ஆச்சி?’

‘சீலையைத் தூக்கிச் சொருகிட்டு அரிசிச் சாக்கைப் பரண்ல ஏத்துனாவ.’

‘கரண்ட் இருந்துச்சா?’

‘எங்க இருந்துச்சு! போன் வெளிச்சம்தான். அதுல தண்ணி கருப்பா தெரிஞ்சுச்சு.’

‘பொறவு?’

இந்தப் ‘பொறவு’ இருக்கிறதே, அதைவிட நல்ல கேள்வி ஆசிரியர் பயிற்சியில்கூட எங்களுக்குக் கிடைக்கவில்லை. இப்போது அவள் சொன்னதை மட்டும் வரிசையாக வைத்துப் பாருங்கள். ‘தண்ணீர் வாசப்படி ஏறும்போது சத்தமே கேட்கவில்லை. ஆச்சி செருப்பு மட்டும் மிதந்து உள்ளே வந்தது. நான் கட்டில் மேல் நின்றேன். ஆச்சி சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு அரிசிச் சாக்கைப் பரணில் ஏற்றினார்கள். போன் வெளிச்சத்தில் தண்ணீர் கருப்பாகத் தெரிந்தது.’ ஐந்து வரி. ஒரு கடினமான சொல் கிடையாது. ‘பயங்கரமான’, ‘மிகவும்’ எதுவும் கிடையாது. படிக்கிறவருக்கு அந்த இரவு கண்முன் வந்துவிடுகிறது.

ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். அந்த இரவைச் சொல்லும்போது அவள் முகம் மாறினாலோ, சொன்ன அன்று தூக்கம் கெட்டாலோ அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள். எழுதப் பழக அதைத் தோண்ட வேண்டியதில்லை. வருகிறவர்களிடம் எல்லாம் அவளே சொல்கிறாள் என்பதால் அவளுக்கு அதைச் சொல்லத் தோன்றுகிறது என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் எப்போது சொல்வது, எதோடு நிறுத்துவது என்பது அவள் கையில் இருக்கட்டும்.

பேசியதைத் தாளுக்கு எப்படிக் கொண்டுவருவது? முதல் சில வாரம் நீங்களே எழுதுங்கள். அவள் சொல்லட்டும். சொன்னதை ஒரு சொல்கூட மாற்றாமல், ‘வந்துச்சு’ என்றால் ‘வந்துச்சு’ என்றே நோட்டில் எழுதி, அவளுக்கே படித்துக் காட்டுங்கள். தன் பேச்சு எழுத்தாகித் திரும்பிவருவதைக் கேட்கும் பிள்ளையின் முகத்தை நான் பல வகுப்பறைகளில் பார்த்திருக்கிறேன். ‘இதுவா எழுத்து? இது எனக்கு வருமே!’ என்று அன்றைக்குத்தான் அதற்குத் தெரியவரும். வேலை மும்முரத்தில் எழுத நேரமில்லை என்றால் போனில் பதிவு செய்யுங்கள். பிறகு அவளே அதை நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுதலாம். என்ன சொல்வது என்ற பாரம் அப்போது இருக்காது, எழுத்தை மட்டும் கவனித்தால் போதும். போனைப் பிள்ளை கையில் கொடுப்பதற்கு இவ்வளவு நல்ல காரணம் வேறு எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது தலைப்பு. ‘எங்கள் ஊர்’, ‘இயற்கை’, ‘திருவிழா’ போன்றவை பெரியவர்களுக்கே பெரிய தலைப்புகள். பிள்ளைக்கு உள்ளங்கையில் அடங்குகிற தலைப்பைக் கொடுங்கள். உங்கள் பக்கம் கன்னடியன் கால்வாயில் தண்ணீர் திறந்துவிடுகிற நாள் வரும். முதல் தண்ணீர் சருகையும் நுரையையும் முன்னால் தள்ளிக்கொண்டு பையத்தான் வரும். அந்தப் பத்து நிமிடம் போதும், ஒரு பக்கத்துக்கு. பத்தமடை உங்களுக்குக் கூப்பிடு தூரம். பாய் நெய்கிற வீடு ஏதாவது பழக்கம் இருந்தால் ஒரு நாள் கூட்டிப்போய்ச் சும்மா உட்கார வையுங்கள். பாயைப் பற்றி எழுத வேண்டாம், நெய்கிறவரின் விரலை மட்டும் பார்த்துவிட்டு வந்து சொல் என்று சொல்லுங்கள். கோரைக்கு ஒரு வாடை உண்டு, சாயத்துக்கு ஒரு வாடை உண்டு. பிள்ளைகள் பெரும்பாலும் கண்ணால் கண்டதை மட்டுமே எழுதுவார்கள். ‘மூக்குக்கு என்ன தெரிஞ்சுச்சு?’ என்று கேட்டால்தான் வாடை வரும்.

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தைப் பற்றி எழுதிய நோட்டுகள் நூற்றுக்கணக்கில் என் கைக்கு வந்திருக்கின்றன. முக்கால்வாசியில் தேர் ‘அசைந்தாடி வந்தது’, மக்கள் ‘அலைகடலெனத் திரண்டனர்’. மேலே மொட்டைமாடியில் நின்று பார்ப்பவருக்குத்தான் கூட்டம் கடலாகத் தெரியும். பத்து வயதுப் பிள்ளை நிற்பது பெரியவர்களின் இடுப்பு உயரத்தில். அங்கிருந்து பார்த்தால் தெரிவது பைகள், ஈரச் சேலைக் கரைகள், யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு, வடத்தைப் பிடித்த கைகள், இடையில் ஒரு கணம் மட்டும் தெரிகிற தேர்ச் சக்கரம். அந்த உயரத்திலிருந்து எழுத அவளால்தான் முடியும், நம்மால் முடியாது. இன்னும் நாலைந்து வருடத்தில் அவளாலும் முடியாது. ‘நீ நின்ன இடத்துல இருந்து என்ன தெரிஞ்சுச்சோ அதை மட்டும் எழுது’ என்று சொல்லிப் பாருங்கள்.

வீட்டில் ஒரு விளையாட்டு வைத்துக்கொள்ளலாம். ‘அழகான’, ‘நன்றாக’, ‘மகிழ்ச்சியாக’ ஆகிய மூன்று சொல்லும் ஒரு வாரத்துக்கு நோட்டில் வரக்கூடாது. முதலில் திணறுவாள். ‘சரி, சந்தோசமா இருந்தப்போ நீ என்ன செஞ்ச?’ என்று கேளுங்கள். ‘தம்பியைத் தூக்கிச் சுத்துனேன்’ என்பாள். அதையே எழுதச் சொல்லுங்கள். ‘மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது’ என்ற வரியை எந்தப் பிள்ளையும் எழுதிவிடும். தம்பியைத் தூக்கிச் சுற்றியது அவள் ஒருத்திதான். அந்தச் சொற்கள் தப்பு என்று நான் சொல்லவில்லை, வாரம் முடிந்ததும் திரும்ப வரட்டும். யோசிக்காமல் கைக்கு வருகிற பழக்கம் மட்டும் கொஞ்சம் விலகட்டும்.

நம் பக்கத்து ஆச்சிகளுக்குத் தெரிந்த இன்னொரு பயிற்சி அழிப்பாங்கதை. பள்ளிக்கூடத்தில் விடுகதை என்பார்கள். ‘ஆயிரம் தச்சர் கூடி அழகான மண்டபம் கட்டி, ஒருவன் கண்பட்டு உடைந்ததாம் மண்டபம்’ என்றால் தேன்கூடு. பொருளின் பெயரைச் சொல்லாமல் அதை எதிராளியின் மனதில் காட்ட வேண்டும். வருணிப்பதற்கு இதைவிடச் சுருக்கமான பாடம் கிடையாது. பழைய கதைகளை அவிழ்க்கச் சொல்வதோடு நிறுத்தாமல், வீட்டிலிருக்கும் பொருளுக்கு அவளையே புதிதாகப் போடச் சொல்லுங்கள். சுளகு, கத்தரி, அம்மி, மின்விசிறி, கருப்பட்டிக் காப்பி எதுவானாலும் சரி. அல்லது ஒரு மஞ்சள் பைக்குள் புளியங்கொட்டை, சிரட்டைத் துண்டு, காய்ந்த பனங்கொட்டை என்று ஏதாவது ஒன்றைப் போட்டு, பார்க்காமல் கைவிட்டுத் தொட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பெயரைச் சொன்னால் தோற்றாள். தொட்டால் எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டும். காசில்லாத விளையாட்டு. தம்பியும் சேர்ந்துகொள்ளலாம்.

கற்பனையைப் பற்றிக் கேட்டீர்கள். ஒன்றும் தெரியாத வெறுமையிலிருந்து கற்பனை வருவதில்லை. ‘பறவையைப் பற்றிக் கதை எழுது’ என்றால் எந்தப் பிள்ளையும் ‘ஒரு ஊரில் ஒரு கிளி இருந்தது’ என்றுதான் தொடங்கும். நாங்குநேரி வட்டத்தில் கூந்தன்குளம் இருக்கிறது, அங்கே குளிர்காலத்தில் வருகிற பட்டைத்தலை வாத்து இமயமலையைத் தாண்டி வருகிறது, பறவைகள் மிரளக்கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. இந்த மூன்று உண்மையையும் சொல்லிவிட்டு, ‘அந்த வாத்து முதல் நாள் ராத்திரி வந்து இறங்கும்போது ஊரு எப்படி இருந்திருக்கும்?’ என்று கேட்டுப் பாருங்கள். குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருப்பதால் பெருவெள்ளத்தில் மூழ்கிவிடும். ‘யாரும் இல்லாத கோயிலுக்குள்ள தண்ணி போகும்போது அங்க என்னவெல்லாம் நடக்கும்?’ இதுவும் ஒரு கதைதான். உண்மை கையில் இருந்தால் பிள்ளை தானாக அதற்கு மேல் எட்டு வைக்கும். எனவே ‘கற்பனை செய்’ என்று சொல்வதை விட்டுவிட்டு, ஊரைப் பற்றித் தெரிந்ததை அவளிடம் பேசுங்கள். ஒருமுறை கூந்தன்குளத்துக்குக் கூட்டிப்போக முடிந்தால் இன்னும் நல்லது.

இனி அந்தச் சிவப்பு மை. ஆசிரியரைக் குறை சொல்ல நான் விரும்பவில்லை. நம் பக்கத்துத் தொடக்கப்பள்ளிகள் பலவற்றில் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டு ஆசிரியர்கள்தான். கொரோனாக் காலத்தில் விட்டுப்போனதை மீட்க 2022இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது, அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. எழுத்து கூட்டிப் படிக்க வைப்பதிலேயே ஆசிரியரின் நாள் முடிந்துவிடுகிறது. பொதுத்தமிழில் எழுதப் பிள்ளை பழக வேண்டும் என்ற அவர் கவலையிலும் நியாயம் உண்டு. எந்தக் கட்டத்தில் பழக்குவது என்பதில்தான் என் கருத்து வேறு.

முதல் தடவை எழுதும்போது ‘ஆச்சி வைதாவ’ என்றே எழுதட்டும். முழுக்க எழுதி முடித்து, நீங்கள் கேட்டு, அவள் மனம் குளிர்ந்த பிறகு, இரண்டாவது தடவை எழுதும்போது ‘வைதாவ’ என்பதை ‘வைதார்கள்’ என்று மாற்றினால் போயிற்று. வைதல் பொதுத்தமிழிலும் இருக்கிற நல்ல சொல்தான், ‘திட்டினார்’ என்று மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை. பையன், பைய, பொறவு என்று எதை எதை மாற்றுவது என்ற பட்டியல் எதுவும் இப்போது வேண்டாம். ஒரே ஒரு வழக்கம் சொல்லிக்கொடுங்கள்: கதை சொல்கிறவள் பாடப்புத்தகத் தமிழில் சொல்லலாம், கதைக்குள் பேசுகிற ஆள் அவரவர் பேச்சில்தான் பேசுவார், அதை மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். ஆச்சி ‘ஏட்டி, கட்டிலை விட்டு இறங்காத!’ என்று கத்தியதை, ‘பேத்தியே, கட்டிலிலிருந்து இறங்காதே’ என்று எழுதினால் அது யாருடைய ஆச்சியாகவும் இருக்காது. இதை நோட்டோடு போய் ஆசிரியரிடம் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள். மேற்கோள் குறிக்குள் இருப்பதை விட்டுவிடுங்கள் என்று கேட்டால் பெரும்பாலான ஆசிரியர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

எழுத்துப்பிழைக்கு வருவோம். நம் பேச்சில் வாழைப்பழம் ‘வாளப்பளம்’தான். காதில் விழுவதைத்தான் பிள்ளை எழுதுகிறது, கவனக்குறைவு என்று அடிக்க வேண்டாம். பிழை திருத்துவதைக் கதை கேட்பதிலிருந்து தனியாகப் பிரித்துவிடுங்கள். அன்றைக்கு எழுதியதை அன்றைக்குத் திருத்தக்கூடாது. மறுநாள் ஒரே ஒரு வகைப் பிழையை மட்டும், ‘ழ’ என்றால் ‘ழ’ மட்டும், அவளையே தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். சரியான எழுத்து எது என்று உங்களுக்கே சந்தேகமாக இருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து பாடப்புத்தகத்தில் தேடுங்கள். அம்மாவும் தேடுகிறாள் என்பது அவளுக்கு நல்லதுதான்.

கட்டுரைப் புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டாம், பரீட்சைக்கு எப்படிப் பத்தி பிரிப்பது என்று பார்க்க உதவும். ஆனால் மனப்பாடம் இத்தோடு போதும். அந்தப் பணத்துக்கு ஊர் நூலகத்தில் அவள் பெயரில் ஓர் உறுப்பினர் அட்டை எடுங்கள், மிச்சம் வரும். நாலு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகப் பள்ளிக் கல்வித்துறை நடத்தும் ‘ஊஞ்சல்’ இதழைப் பள்ளிக்கூடத்தில் கேட்டுப் பாருங்கள். தன் வயதுப் பிள்ளை எழுதியதைப் படிக்கும்போது வருகிற தைரியம், நாம் எவ்வளவு சொன்னாலும் வராது.

கடைசியாகப் போட்டி. அனுப்புங்கள், கதை மனப்பாடம் செய்ய வைக்காமல் அனுப்புங்கள். மனப்பாடக் கதைகளை நடுவர்கள் இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள், நானும் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். தலைப்பு எதுவாக வந்தாலும் முதல் ஐந்து நிமிடம் பேனாவைத் தொட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். அந்தத் தலைப்புக்குப் பக்கத்தில் வருகிற, தான் நேரில் கண்ட ஓர் இடத்தை நினைக்கட்டும். அங்கே யார் இருந்தார்கள், எது முதலில் கண்ணில் பட்டது, என்ன சத்தம், என்ன வாடை என்று மனதுக்குள்ளேயே கேட்டுக்கொள்ளட்டும். நீங்கள் கேட்டுப் பழக்கிய கேள்விகள்தானே, தானாக வரும். ‘ஒரு ஊரில்’ என்று ஆரம்பிக்காமல், ஏதோ நடந்துகொண்டிருக்கும்போதே கதையைத் தொடங்கலாம். செருப்பு மிதந்து வருவதிலிருந்தே தொடங்கலாம். நேரம் முடியப்போகிறது என்றால் கதை எங்கே இருக்கிறதோ அங்கேயே நிறுத்தட்டும், ‘இதிலிருந்து நாம் அறியும் நீதி’ என்று ஒட்டவைக்க வேண்டாம். எழுதிய தாளைப் பெரும்பாலும் அங்கேயே வாங்கிக்கொள்வார்கள். அதனால் வீட்டுக்கு வந்ததும், மறப்பதற்குள், எழுதியதைச் சொல்லச் சொல்லிப் போனில் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். ‘ஊஞ்சல்’ இதழுக்கு அனுப்புவதானால் அதிலிருந்து மறுபடி எழுதிக்கொள்ளலாம்.